வாசலில் நிற்கும் பெருமரம்

வீட்டை ஒட்டி ஓங்கி வளர்ந்து நிற்கும் பெருமரம் ஒன்று, ஒரு நாள் அவ்வீட்டாருக்கே அபாயமாகத் தோன்றத் தொடங்குகிறது. அதனை அகற்றிவிடுவதா, காத்துக்கொள்வதா? இம்முடிவை எதனைக் கொண்டு செய்வது? இதுவே இன்று நாம் ஆராயப் புகும் பொருள்.

இது சிறிய பொருள் என்று எண்ணிவிட வேண்டா. நமது நாட்டின் பெருநகரங்களில் ஒவ்வோர் ஆண்டும் கோடை இடிமழையிலும் பருவ மழையிலும் மரங்கள் சாய்கின்றன. சாய்ந்த மரங்களின் கீழ் மனிதர் அகப்பட்டு மாண்டனர் என்ற செய்தியைப் படியாத ஆண்டு இல்லை. 2020-ஆம் ஆண்டு மே மாதம் 20-ஆம் நாள் மேற்கு வங்காளக் கரையைக் கடந்த ‘அம்பன்’ புயல், மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் கொல்கத்தா நகரின் மீது வீசிற்று. ஓரிரவில் ஆயிரக்கணக்கான மரங்கள் அந்நகரில் வேரோடு வீழ்ந்தன. மறு ஆண்டு மே மாதத்தில் ‘தவ்தே’ புயல் மும்பைக் கடலோரமாகச் சென்றபோது அங்கும் ஏராளமான மரங்கள் சாய்ந்தன. இத்தகைய செய்திகளைக் கேட்டவுடன் மக்கள் இரு திறத்தினராகப் பிரிந்துவிடுகின்றனர். அச்சத்தால் உந்தப்பட்டு, நல்ல மரத்தையும் வெட்டிச் சாய்ப்போர் ஒரு திறத்தினர். பாசத்தால் கட்டுண்டு, உளுத்துப்போன மரத்தையும் தொடவிடாது தடுப்போர் மற்றொரு திறத்தினர். இவ்விரு திறத்தினரும் மரத்தை அருகிற் சென்று பார்ப்பதில்லை என்பதே இவர்களுக்குள் உள்ள ஒற்றுமை.

பாசத்தை நாம் குறைத்துக் கூறவில்லை. மரத்தை உடன்பிறப்பாகக் கருதிய மரபு தமிழருடையது. தாம் விளையாட்டாக மணலில் ஊன்றிய புன்னை விதை முளைத்து மரமாகிவிட, அதனைத் தலைவியின் உடன்பிறந்தவள் என்றே அவள் தாய் போற்றினாள். அதனால் அம்மரத்தின் நிழலில் தலைவனோடு நகைத்து விளையாடவும் தலைவி நாணினாள் என்று நற்றிணைச் செய்யுள் ஒன்று கூறுகிறது. பண்டை அரசர் காவல் மரம் பேணியதும், கோயில்தோறும் தலமரம் வைத்து வழிபடுவதும் நாம் அறிந்தவையே. ஆதலின், தாத்தா நட்ட மரத்தை வெட்டுவது என்ற பேச்சு எழுந்தவுடன் வீட்டிலே ஒரு துக்கம் படர்வது இயல்பு. அத்துக்கம் நல்ல மனத்தின் அடையாளம். ஆனால் முடிவைத் துக்கத்தினிடம் ஒப்படைத்துவிட இயலாது.

இதனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கிக்கொள்வோம். கொல்கத்தாவின் தென்பகுதியில், நெடுங்காலத்துக்கு முன் குடியேறிய ஒரு தமிழ்க் குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்வோம். வாசலில் ஒரு குல்மோகர் மரம். மயிற்கொன்றை என்று நாமும், கிருஷ்ணசூடா என்று வங்காளிகளும் அழைக்கும் மரம். வீடு கட்டிய ஆண்டிலே தாத்தா நட்டது. கோடையில் தெரு முழுவதும் செந்நிறப் பந்தல் விரித்ததுபோற் பூக்கும். அம்மரம் இப்போது தெருப்பக்கமாகச் சாய்ந்திருக்கிறது. அதன் நிழலிலே காலைதோறும் குழந்தைகள் பள்ளி வண்டிக்காகக் காத்து நிற்கின்றனர். எதிரே தகரக் கூரையிட்ட ஒரு சிறிய தேநீர்க் கடை. “அவர் கையால் வைத்த மரம், என் கண் மூடும்வரை அதன்மேல் வாள் படலாகாது” என்கிறார் பாட்டி. “புயலில் விழாத மரம் இனியா விழப்போகிறது?” என்கிறார் மகன். “ஒவ்வொரு காற்றுக்கும் எங்களுக்கு உறக்கம் இல்லை” என்கிறார் தேநீர்க் கடைக்காரர். இம்மூவருள் யார் சொல்வதைக் கேட்பது?

மூவர் சொல்லையும் சற்றே ஒதுக்கிவைத்து, மூன்று கேள்விகளை நாம் கேட்டுக்கொள்ளவேண்டும். மரம் விழக்கூடிய நிலையில் உள்ளதா? விழுந்தால் எதன்மீது விழும்? வெட்டுவதற்குக் குறைந்த வேறு பரிகாரம் உண்டா? இம்மூன்றையும் இதே வரிசையில் ஆராய்ந்தால், முடிவு பெரும்பாலும் தானே தெளிவாகும்.

முதற் கேள்வியை எடுத்துக்கொள்வோம். மரம் உயரமாக இருப்பதோ, முதுமை எய்தியிருப்பதோ தன்னளவில் அபாயம் அன்று. காற்றில் ஆடுவதும் அபாயத்தின் அறிகுறி அன்று. ஆடி வளைந்து காற்றின் வேகத்தைத் தணித்துக்கொள்வதே மரத்தின் இயல்பு. பார்க்கவேண்டிய இடங்கள் வேறு. அவற்றுள் முதன்மையானது கண்ணுக்குத் தெரியாத இடம், அதாவது வேர்.

மரத்தின் வேர் கிணறுபோல் ஆழத்தில் இறங்கி நிற்கிறது என்று பலர் எண்ணுகின்றனர். உண்மையில் பெரும்பான்மையான வேர்கள் நிலத்தின் மேற்பரப்பிலிருந்து ஏறத்தாழ ஒரு மீட்டர் ஆழத்துக்குள்ளேயே, மரத்தின் நிழல் விழும் எல்லையையும் கடந்து, பக்கவாட்டிற் படர்கின்றன. நகரங்களில் நாம் செய்வது என்ன? சாக்கடைக்காக ஒரு முறை, குடிநீர்க் குழாய்க்காக ஒரு முறை, மின்கம்பிக்காக ஒரு முறை என்று அவ்வேர்களின் குறுக்கே பள்ளம் வெட்டுகிறோம். எஞ்சிய இடத்தைச் சிமெண்டுக் காரையால் மூடுகிறோம். மண் காற்றும் நீரும் இன்றி இறுகுகிறது. மரத்தடியைச் சுற்றி ஒரு மீட்டர் அளவுக்குள் உள்ள காரையை அகற்றவேண்டும் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2013-ஆம் ஆண்டில் தில்லிக்கு ஆணையிட்டதன் காரணம் இதுவே. புயலில் வீழ்ந்த நகரத்து மரத்தின் அடியைப் பாருங்கள். ஒரு பக்கத்து வேர்கள் பல ஆண்டுகளுக்கு முன்னரே வெட்டுண்டு அழுகியிருத்தலைப் பன்முறை காணலாம். காற்று அம்மரத்தைக் கொல்லவில்லை. மண்வெட்டி தொடங்கியதைக் காற்று முடித்துவைத்தது.

ஆகவே, மரத்தைச் சுற்றி வந்து பார்க்கவேண்டும். பிறந்த நாள் முதற்கொண்டே சாய்ந்து வளர்ந்த மரம் அச்சாய்வுக்கேற்பத் தன்னை உறுதிப்படுத்திக்கொண்டிருக்கும். அண்மையிற் சாயத் தொடங்கிய மரமே அஞ்சத்தக்கது. சாய்வுக்கு எதிர்ப்புறத்தில் மண் வெடித்தோ மேலெழும்பியோ இருந்தால், வேர்ப்பிடி தளர்கிறது என்று பொருள். அடிமரத்திலோ வேர்களின் மேலோ தட்டுப் போன்ற கெட்டியான காளான்கள் முளைத்திருந்தால், உள்ளே அழுகல் நெடுநாளாக நடைபெறுகிறது என்று பொருள். காளான் நோயின் தொடக்கம் அன்று, முற்றிய நோயின் வெளித்தோற்றம். இரு பெருங்கிளைகள் பிரியும் கவையில் விரிசல் ஓடியிருக்கிறதா, உச்சியில் இலையற்ற பட்ட கிளைகள் மிகுந்துள்ளனவா என்பனவும் காணத்தக்கவை.

அடிமரம் உள்ளே பொந்தாக இருக்கிறதா என்பதைத் தச்சர் வைத்திருக்கும் கொட்டாப்புளியால் தட்டி, ஓசையைக்கொண்டு ஒருவாறு அறியலாம். ஆனால் பொந்து கண்டவுடன் மரம் முடிந்தது என்று தீர்மானித்தலும் தவறு. மரத்தின் உயிர்ப்பகுதி பட்டையை அடுத்த வெளிப்புறத்திலே உள்ளது. நடுவயிரம் உயிரற்றது, அஃது அழிந்தபின்னும் மரம் தழைத்து வாழும். மூங்கிலும் உள்ளீடற்றதே அன்றோ? அடிமரத்தின் ஆரத்தில் ஏறத்தாழ பத்தில் மூன்று பங்குக்குக் குறையாமல் நல்ல மரம் சுற்றிலும் இருக்குமாயின், பொந்தினால் முறியும் அபாயம் பெரிதும் இல்லை என்று ஜெர்மானிய அறிஞர் கிளாஸ் மாத்தெக் வீழ்ந்த மரங்களையும் நிற்கும் மரங்களையும் அளந்து கண்டார். இதனை மாறாத விதியாகக் கொள்ளலாகாது என்று பின்வந்தோர் எச்சரித்துள்ளனர். பொந்துக்கு ஒரு பக்கத்திற் பெரிய வாய் திறந்திருந்தால் வலிமை குறையும். எனினும், ‘பொந்து என்றால் வெட்டு’ என்ற அவசரத்துக்கு இக்கணக்கு நல்ல மறுமொழி.

மரத்தின் இனத்தையும் கருதவேண்டும். குல்மோகரின் தாயகம் மடகாஸ்கர் தீவு. தென்னமெரிக்காவிலிருந்து வந்தது தூங்குமூஞ்சி மரம். விரைந்து வளரும், குடைபோற் படரும் என்பதற்காக இவை நம் சாலையோரங்களில் நடப்பட்டன. விரைந்து வளர்ந்த குல்மோகரின் மரம் மென்மையானது, வேர் மேலோட்டமானது, வேம்பைப் போலவோ புளியைப் போலவோ நெடுங்காலம் வாழும் இயல்பு அதற்கில்லை. இதனால் குல்மோகர் எல்லாம் ஆகாதவை, வேம்பெல்லாம் விழாதவை என்று முடிவு கட்டலாகாது. வேரறுபட்ட வேம்பும் விழும்.

இனி இரண்டாம் கேள்வி. விழுந்தால் எதன்மீது விழும்? ஒரே அளவு உளுத்துப்போன இரு மரங்கள் உள்ளன என்று வைத்துக்கொள்வோம். ஒன்று ஆளரவமற்ற வெளியில் நிற்கிறது. மற்றொன்று பள்ளி வாயிலில் நிற்கிறது. முன்னது விழுந்தால் பறவைகளுக்கும் பூச்சிகளுக்கும் உணவும் உறையுளுமாகும். பின்னது விழுந்தால் நினைக்கவே நெஞ்சம் நடுங்கும். ஆதலின் அபாயம் என்பது மரத்தில் மட்டும் இல்லை; மரத்துக்கும் அதன் கீழுள்ள உயிருக்கும் இடைப்பட்ட தொடர்பில் உள்ளது. மரத்தின் உயரத்தை ஆரமாகக் கொண்டு மனத்தில் ஒரு வட்டம் வரைந்து, அவ்வட்டத்துக்குள் யார் உறங்குகிறார், யார் காத்து நிற்கிறார், எவ்வளவு நேரம் நிற்கிறார் என்று பார்க்கவேண்டும். இப்பார்வையே சில சமயம் எளிய வழியையும் காட்டிவிடும். மரத்தடியிலுள்ள இருக்கையையோ, வண்டி நிறுத்துமிடத்தையோ, பள்ளி வண்டி நிற்கும் இடத்தையோ இருபதடி தள்ளி வைத்தால் அபாயம் பெரும்பாலும் நீங்கிவிடக்கூடும். மரத்தை நகர்த்த இயலாது. நிழலில் நாம் வைத்த பொருளை நகர்த்தலாம் அன்றோ?

மூன்றாவது, வெட்டுவதற்குக் குறைந்த பரிகாரம். பட்ட கிளைகளைக் களைதல், மிக நீண்ட கிளைகளின் நுனியைக் குறைத்தல், வேர்ப்பகுதியின் காரையை அகற்றி மண்ணைத் தளர்த்துதல் முதலியவை நன்முறையிற் செய்யப்பட்டால், மரமும் வீடும் ஒருங்கே பிழைக்கும். காற்றின் வேகம் இருமடங்கானால் அதன் தாக்குவிசை நான்கு மடங்காகும் என்பது பௌதிகம். ஆகவே உச்சிப் பாரத்தைச் சிறிது குறைத்தாலும் அடிமரத்துக்குப் பெரிய உதவியாகும்.

ஆனால், நம் தெருக்களில் நடப்பது பெரும்பாலும் பரிகாரம் அன்று; மொட்டையடித்தல். தலை முழுவதையும் வெட்டிவிட்டால், வெட்டு வாய்களின் ஓரத்திலிருந்து புதுத் தளிர்கள் கொத்துக் கொத்தாகக் கிளம்பும். அவை ஆழ வேரூன்றிய கிளைகள் அல்ல, மேற்பட்டையில் ஒட்டிக்கொண்டவை. சில ஆண்டுகளில் அவை பருத்தபின் முன்னினும் எளிதாக முறியும். மின்கம்பிக்காக ஒரு பக்கத்தை மட்டும் வெட்டுவதும் மரத்தின் நிறையை மறுபக்கம் தள்ளிவிடும். அமெரிக்க வனத்துறை அறிஞர் அலெக்ஸ் ஷைகோ, மரம் நம் உடலைப்போல் புண்ணை ஆற்றிக்கொள்வதில்லை, புண்ணைச் சுவரெழுப்பி அடைத்துக்கொள்கிறது என்று விளக்கினார். கிளை தாய்மரத்தோடு சேருமிடத்தில் வளையம்போற் புடைத்திருக்கும் பகுதியில்தான் அச்சுவர் எழுகிறது. அதனைச் சிதையாமல், குச்சியும் நீட்டி விடாமல், அவ்வளையத்தை ஒட்டி வெட்டுவதே முறை. பொந்தைச் சிமெண்டால் நிரப்புவதும் வெட்டுவாயில் தார் பூசுவதும் பழைய வழக்கங்கள். அவற்றாற் பயனில்லை என்பது இன்று தெளிந்த முடிவு.

பகுதியை இழந்து முழுமையைக் காத்ததற்குப் புகழ்பெற்ற சான்று ஒன்று, நாம் எடுத்துக்காட்டிய அதே கொல்கத்தாவை அடுத்த ஹௌராவில் உள்ளது. அங்குள்ள தாவரத் தோட்டம் 1787-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்றது. அதனுள் நிற்கும் பேராலமரம் 1864-ஆம் ஆண்டிலும் 1867-ஆம் ஆண்டிலும் வீசிய புயல்களாற் காயமுற்றது. காயத்தின் வழியே காளான் புகுந்து நடுத்தண்டை அழுகச் செய்தது. 1925-ஆம் ஆண்டில் அந்நடுத்தண்டே அகற்றப்பட்டது. இன்று தாய்த்தண்டு இன்றி, 3,000-க்கும் மேற்பட்ட விழுதுகளைக் கால்களாகக் கொண்டு, அம்மரம் ஒரு காடுபோல் விரிந்து நிற்கிறது. அழுகியதைத் தொடக்கூடாது என்று அன்று எவரேனும் பிடிவாதம் செய்திருந்தால், இன்று பார்க்க வருவோருக்கு அங்கே என்ன எஞ்சியிருக்கும்? எனினும் இச்சான்றை எல்லா மரத்துக்கும் பொருத்த இயலாது. ஆலுக்கு விழுது உண்டு, குல்மோகருக்கு இல்லை.

இப்போது நம் கற்பனைக் குடும்பத்தினிடம் திரும்புவோம். மரம் அறிந்த ஒருவரை அழைத்துவந்து பார்த்ததில், சாக்கடை வெட்டிய பக்கத்து வேர்கள் அறுபட்டுள்ளன. சாய்வுக்கு எதிர்ப்புறத்தில் மண் வெடித்துள்ளது. அடியில் காளான் முளைத்துள்ளது என்று தெரியவருவதாகக் கொள்வோம். முதற் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. மரம் சாய்ந்திருப்பது தெருப்பக்கம். குழந்தைகளை வேறிடத்தில் நிற்கச் செய்யலாம். ஆனால் தேநீர்க் கடைக்காரரின் கூரையையும், நாள் முழுதும் அத்தெருவழியே நடப்போரையும் எங்கே நகர்த்துவது? இரண்டாம் கேள்விக்கும் விடை கிடைத்துவிட்டது. கிளை குறைத்தல் வேரை மீட்டுத் தராது. மூன்றாம் கேள்விக்கும் விடை இதுவே. இனித் தாமதித்தல் அன்பு ஆகாது.

மகன் கூறிய வாதத்துக்கு மறுமொழி எளிது. ஒரு புயலைத் தாங்கிய மரம் அப்புயலால் வலிமை பெறவில்லை. கண்ணுக்குத் தெரியாத முறிவுகளைப் பெற்றிருக்கவும் கூடும். பாட்டிக்குச் சொல்லும் மறுமொழியே கடினமானது. அதனை மரியாதையோடு சொல்லவேண்டும். மரம் நம்முடையது, அதன் நினைவும் நம்முடையது, ஆனால் அபாயம் நம்முடையது மட்டும் அன்று. பிறருடைய தலையின்மேல் தொங்கும் அபாயத்தை, நமது பாசத்துக்காக அவர்கள் சுமக்கவேண்டும் என்று கேட்பதற்கு நமக்கு உரிமை இல்லை. தாத்தா தெருவுக்கு நிழலாக நட்ட மரம், தெருவுக்குத் தீங்காக நிற்பதை அவரும் விரும்பியிருக்கமாட்டார்.

இந்நீதி மறுபுறமும் செல்லும் என்பதை மறத்தலாகாது. அபாயம் தெருவுக்கு உரியது போலவே, நிழலும் தெருவுக்கு உரியது. சருகு கொட்டுகிறது, வண்டியின்மேல் பறவை எச்சமிடுகிறது, கடையின் பெயர்ப்பலகையை மறைக்கிறது என்ற காரணங்களுக்காக நல்ல மரத்தை ‘அபாயம்’ என்று பெயரிட்டு வெட்டுவோர், வழிப்போக்கரின் நிழலையும் பறவையின் கூட்டையும் கேளாமல் எடுத்துக்கொள்கின்றனர்.

இக்காரணத்தாலேயே மரத்தை வெட்டும் முடிவைச் சட்டம் வீட்டாரிடம் மட்டும் விட்டுவைக்கவில்லை. மகாராஷ்டிர நகரங்களுக்கு 1975-ஆம் ஆண்டின் சட்டமும், கர்நாடகத்துக்கு 1976-ஆம் ஆண்டின் சட்டமும், தில்லிக்கு 1994-ஆம் ஆண்டின் சட்டமும், மேற்கு வங்காளத்துக்கு 2006-ஆம் ஆண்டின் சட்டமும் உள்ளன. சொந்த நிலத்து மரமாயினும் உரிய அதிகாரியின் அனுமதி பெற்றே வெட்டவேண்டும் என்பது இவற்றின் பொது நோக்கம். உடனே வெட்டாவிடில் உயிருக்கோ உடைமைக்கோ பெருந்தீங்கு நேரும் என்ற நிலையில், முதலில் வெட்டிவிட்டு 24 மணி நேரத்துக்குள் அதிகாரிக்குத் தெரிவிக்கலாம் என்று தில்லிச் சட்டம் இடமளிக்கிறது. விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். ஆதலின் அவரவர் ஊரின் நகராட்சியிலோ வனத்துறையிலோ கேட்டறிதல் நன்று. மரத்தைப் பல கோணங்களிற் படம் பிடித்து விண்ணப்பத்தோடு இணைத்தால் ஆராய்வோருக்கு வேலை எளிதாகும்.

அனுமதி கிடைத்தபின் வெட்டும் முறையிலும் கருத்து வேண்டும். மழைக்காலத்துக்கு முன், காற்றடங்கிய நாளில், மின்சாரத்தை நிறுத்தச் செய்து, தெருவை மறித்து, மேலிருந்து துண்டு துண்டாக அறுத்துக் கயிற்றாற் கட்டி இறக்கவேண்டும். கூடுகளிற் குஞ்சுகள் உள்ளனவா என்று முன்னரே பார்த்தல் வேண்டும். உளுத்த மரத்தில் ஏறுவது ஒரு மனிதர் என்பதையும் நினைவிற் கொள்வோமாக. தலைக்கவசமும் இடைவாரும் இன்றி, குறைந்த கூலிக்கு இசைந்தார் என்பதற்காக ஒருவரை மரத்தில் ஏற்றுவது, ஓர் உயிரைக் காக்க மற்றோர் உயிரைப் பணயம் வைப்பதாகும்.

வெட்டிய இடத்தை வெறுமையாக விடலாகாது. மறுபடியும் நடும்போது, முழுவளர்ச்சி எய்தியபின் அம்மரம் எவ்வளவு இடம் கேட்கும் என்பதை எண்ணி நடவேண்டும். சுவரிலிருந்து தள்ளி, கம்பிகளுக்குக் கீழ் அல்லாமல், வேருக்கு மண் உள்ள இடமாகத் தேர்ந்து, புங்கு, மகிழம், வேம்பு, நாவல் போன்ற நம் நாட்டு மரங்களுள் இடத்துக்கேற்ற ஒன்றை நடலாம். கடற்காற்று வீசும் ஊராயின் புன்னை மிகப் பொருந்தும். அக்கன்றைப் பாட்டியின் கையாலேயே ஊன்றச் செய்யலாம். அடுத்த தலைமுறைக்கு அதுவும் ஒரு தமக்கையாக வளரும்.

நேயர்களே, கோடைக் காற்று எழுமுன் ஒரு காலைப் பொழுதை ஒதுக்கி, உங்கள் வாசலில் நிற்கும் மரத்தை ஒரு முறை சுற்றி வந்து பாருங்கள். வேரை நோக்குங்கள், அடிமரத்தைத் தட்டிப் பாருங்கள், கவையை அண்ணாந்து பாருங்கள், பிறகு அதன் நிழலில் யார் நிற்கின்றனர் என்பதையும் பாருங்கள். ஐயமிருப்பின் அறிந்தவரை அழையுங்கள். பெரும்பான்மையான மரங்கள் நின்றுவிடும். அகற்றவேண்டிய ஒன்றையும், யாருக்கும் தீங்கு நேருமுன் நாமே மரியாதையோடு இறக்கி வைப்போம்.